முதல் குரோஷே: பிளேன்டீ கோப்பைக்கு ஒரு வட்ட விரிப்பு

குரோஷே, அதாவது கொழுக்கி ஊசியால் நூல் பின்னும் கைவேலை, பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது சால்வையோ பொம்மையோ அல்ல, பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) கோப்பைக்கு அடியில் வைக்கிற 10 சென்டிமீட்டர் வட்டம். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். அவிழ்க்க வேண்டி வந்தாலும் மனம் நோகாது. இந்த மாதிரியைத் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு பேர் பின்னிச் சரிபார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கொழுக்கி ஊசியை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார்.

நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் கொழுக்கி ஊசி, கத்தரிக்கோல், ஓர் ஊக்கு, அகலக் கண் உள்ள தையல் ஊசி. இவ்வளவு போதும். அக்ரிலிக் நூல் மலிவுதான். ஆனால் திருகோணமலையில் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வியர்த்த விரலில் அது இழுபடும், சூடும் தாங்காது. இளநிற நூலாக எடுங்கள். கறுப்பு நூலில் தையலைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. ஊசியில் இருக்கும் கண்ணியைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு சங்கிலி போடுங்கள் (நூலை ஊசியில் சுற்றிக் கண்ணிக்குள்ளால் இழுத்தால் ஒரு சங்கிலி). முதலில் போட்ட சங்கிலிக்குள் ஆறு சிங்கிள் பின்னுங்கள். இதுதான் முதல் சுற்று.

சிங்கிள் என்பது இதுதான்: ஊசியைத் தையலுக்குள் விட்டு, நூலைச் சுற்றி, வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளாலும் ஒரே இழுப்பு. அடுத்த சுற்றிலிருந்து, தையலின் தலையில் தெரியும் V வடிவத்தின் இரண்டு இழைகளுக்கும் கீழே ஊசியை விடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். இன்றைய பிரிட்டிஷ் மாதிரிகளில் சிங்கிள் குரோஷே என்ற பெயர் பொதுவாக வராது. அதனால் அந்தச் சொல்லைக் கண்டால் அது அமெரிக்க முறை என்று பிடித்துக்கொள்ளலாம். நான் எழுதுவதும் அந்த முறையில்தான்.

அப்புறம் சுற்றுகள். ஒரே தையலில் இரண்டு சிங்கிள் பின்னுவதை இரட்டிப்பு என்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது சுற்று முடிவில் வரவேண்டிய தையல் எண்ணிக்கை.

2ஆம் சுற்று: எல்லாத் தையலிலும் இரட்டிப்பு (12).
3ஆம் சுற்று: ஒரு சிங்கிள், ஒரு இரட்டிப்பு, இப்படி ஆறு தடவை (18).
4ஆம் சுற்று: ஒரு சிங்கிள், ஒரு இரட்டிப்பு, பிறகு இரண்டு சிங்கிள், ஒரு இரட்டிப்பு என ஐந்து தடவை, கடைசியில் ஒரு சிங்கிள் (24).
5ஆம் சுற்று: மூன்று சிங்கிள், ஒரு இரட்டிப்பு, ஆறு தடவை (30).

4ஆம் சுற்றில் சிங்கிளை ஏன் பாதியாகப் பிரித்தேன் தெரியுமா? இரட்டிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். 6, 8, 10ஆம் சுற்றுகளிலும் இப்படியே முன்னும் பின்னும் பிரியுங்கள். இரட்டிப்புகளுக்கு இடையே வரும் சிங்கிள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும், மொத்தத்தில் ஆறு தையல் கூடும். 10ஆம் சுற்றில் 60 வந்தால் சரி.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் ஒரு மாதிரியின் உயிர். அது இல்லாத மாதிரியைத் தொடக்கக்காரர் தொடவே வேண்டாம் என்பேன். சுற்றின் முதல் தையலில் ஊக்கை மாட்டி, சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "பிள்ளை, எண்ணுறதுக்கு முன்னம் கை ஓடிப்போகுது" என்றார். அன்று அவருடைய வட்டம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. எண்ணிப் பார்த்தோம், 36 வரவேண்டிய இடத்தில் 32. இரட்டிப்பு விடுபட்டால் குழியும், மிஞ்சினால் விளிம்பு அலையடிக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால் கை இறுக்கம். 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறுங்கள்.

முடிவில் அடுத்த தையலுக்குள் ஊசியை விட்டு, நூலை ஊசியில் இருக்கும் கண்ணிக்குள்ளாலும் சேர்த்து இழுத்து, நூலை வெட்டி, நுனியைக் கடைசிக் கண்ணிக்குள்ளால் இழுத்து இறுக்கிவிடுங்கள். நுனியைப் பின்புறத் தையல்களுக்குள் கோர்த்து ஒளியுங்கள். ஈரத்துணி போட்டு இஸ்திரி பிடித்தால் தட்டையாகும். சுடுசட்டி வைப்பதென்றால் ஒரு வட்டம் போதாது. இரண்டு பின்னி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள்.