பிராங்கோவின் கல்வி அமைச்சரைப் பற்றி எழுதுவது எப்படி

ஹோவாகின் ருயிஸ்-ஹிமேனெஸ் 1951 ஜூலை முதல் 1956 பிப்ரவரி வரை, சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், ஸ்பெயினின் கல்வி அமைச்சர். முதலில் அரசிதழைத் திறவுங்கள். பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். நியமன ஆணை, பதவிநீக்க ஆணை இரண்டையும் எடுங்கள். ஆணையில் கையெழுத்தான நாள் வேறு, அரசிதழில் வெளியான நாள் வேறு. கட்டுரைகளில் தேதிகள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து, அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று எழுதுங்கள்: பாக்ஸ் ரொமானா என்னும் கத்தோலிக்க மாணவர் இயக்கத்தின் தலைமை, 1948 முதல் வத்திக்கான் தூதர் பதவி. இதை விட்டால் அமைச்சர் பதவி வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும்.

அதிக இடம் தர வேண்டியது 1953க்கும் 1956க்கும். 1953 பிப்ரவரியில் இடைநிலைக் கல்விச் சட்டம். ஆகஸ்டில் வத்திக்கானுடன் உடன்படிக்கை. அதற்கு முன்பே, 1951இல், மத்ரித் பல்கலைக்கழகத்துக்கு லைன் என்ட்ரால்கோ, சலமாங்காவுக்கு தோவார் எனத் துணைவேந்தர்களை அமர்த்தினார். இருவரும் ஃபலாங்கே என்னும் பாசிசக் கட்சியின் பழைய ஆட்கள். ‘தாராளவாதிகள்’ என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். 1956 பிப்ரவரி மாணவர் மோதலுக்குப் பிறகு பிராங்கோ அவரை நீக்கினார். ஃபலாங்கே தரப்பு அமைச்சர் ஃபெர்னாண்டஸ்-குவெஸ்தாவும் கூடவே போனார். இதைச் சேர்க்காவிட்டால் படம் கோணலாகும்.

அக்காலச் செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றின் மௌனத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

பெரிய பொறி ஒன்று உண்டு. 1963இல் எதிர்ப்பாளர்களுக்கு இடமளித்த இதழைத் தொடங்கியவரும், 1982இல் ஜனநாயக ஸ்பெயினின் முதல் மக்கள் குறைகேள் அதிகாரியானவரும் இவரே. அந்த மனிதரை 1951க்குள் திணிக்காதீர்கள்.