மலையில் மோட்டார்ஹோம்: நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாமல் போனால்

மோட்டார்ஹோம் என்பது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி. சமவெளியில் அதை நிறுத்தி இரவு தங்கும் ஓரிடம் நிரம்பியிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும், இன்னொன்று கிடைத்துவிடும். மலையில் அடுத்த இடம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும். நடுவில் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள், அதற்குள் இருட்டியும்விடும். மழை, மண்சரிவு, சாலை மூடல், ஊர்த் திருவிழா என்று எது வேண்டுமானாலும் உங்கள் இரவுத் தங்கலைக் கெடுக்கலாம். அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் கெட்டால் எங்கே போவது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளலாம். முதல்முறை மலைக்கு வண்டி எடுப்பவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஓர் இரவுக்கு மூன்று இடங்கள்

முதலாவது நீங்கள் ஆசைப்படும் இடம். இரண்டாவது அதே பள்ளத்தாக்கில், அதைவிடத் தாழ்வாக. மூன்றாவது எந்தக் கணவாயையும் கடக்காமல் போய்ச் சேரக்கூடிய அடிவாரத்து ஊர். மாற்று இடம் எப்போதும் கீழே இருக்கட்டும். பனியும் மூடுபனியும் பெரும்பாலும் மேலேதான் முதலில் வழியை அடைக்கும். 1000 மீட்டர் இறங்கினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் கூடும்.

மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, அதனால் வரைபடத்தையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைக்க வேண்டும். வண்டியின் உயரம், அகலம், எடை மூன்றையும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மாற்றுப்பாதையில் திருப்பி விடப்படும்போது குறுகிய சுரங்கமோ பழைய பாலமோ எதிரே வந்தால், யோசிக்க நேரம் இருக்காது.

படி 2: காலையிலேயே சாலையை விசாரியுங்கள்

உயரமான கணவாய்கள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. இத்தாலியின் ஸ்டெல்வியோ 2757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். குளிர்காலத்தில் அது மூடப்பட்டுவிடும், கோடையிலும் திடீர்ப் பனிப்பொழிவு அதை அடைக்கலாம். சைக்கிள் பந்தயங்களையும் மறக்காதீர்கள். டூர் டி பிரான்ஸ் போகும் ஆல்ப்ஸ் சாலைகளைப் பல மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பந்தயம் பார்க்க வந்த மோட்டார்ஹோம்கள் அதற்கும் முன்னாலேயே ஓரங்களைப் பிடித்து நிற்கும்.

சிறிய ஊர்களில் வண்டி நிறுத்தும் திடலிலேயே வாரச்சந்தையும் கூடுவது உண்டு. கம்பத்தில் கிழமையும் நேரமும் எழுதிய பலகை இருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் படியுங்கள். அதைக் கவனிக்காவிட்டால் விடியற்காலையில் கதவைத் தட்டி எழுப்புவார்கள்.

படி 3: மதியம் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள்

கோடையில் மலையில் காலை வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். சீக்கிரம் போனால் இடமும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் வெளிச்சத்தோடு இறங்கவும் முடியும்.

படி 4: எஞ்சினை அணைத்ததும் சுற்றி நடங்கள்

பல பேர் விட்டுவிடும் வேலை இது. எனக்கு இதைவிட முக்கியமான படி கிடையாது.

முதலில் அண்ணாந்து பாருங்கள். தரையில் பாசி படியாத, முனை மழுங்காத புதுக் கற்கள் கிடந்தால் மேலிருந்து அண்மையில் உருண்டவை என்று பொருள். அங்கே நிறுத்த வேண்டாம்.

அப்புறம் ஓடையைப் பாருங்கள். கரைப் புதர்களில் காய்ந்த புல்லும் சுள்ளியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன? முந்தைய வெள்ளம் அந்த மட்டம் வரை ஏறியிருக்கிறது. உங்கள் சக்கரம் அதற்குக் கீழே இருந்தால் வண்டியை எடுத்துவிடுங்கள். மேலே நீர்மின் அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் திடீரென்று உயரும். அதற்கான எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஆற்றங்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் தங்கும் இடம் அல்ல.

பள்ளத்தின் அடியில் நிறுத்தாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி அங்கே போய்த் தேங்கும். கொஞ்சம் மேட்டில், மட்டமான தரையில், வண்டியின் முகம் வெளிவழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். இருட்டில் ரிவர்ஸ் எடுக்காமல் நேராகக் கிளம்ப முடிய வேண்டும்.

படி 5: நடுராத்திரியில் கிளம்பத் தயாராகத் தூங்குங்கள்

வெயில் மறைப்பைச் சுருட்டி, படிக்கட்டை உள்ளே இழுத்து, நாற்காலிகளை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். சாவி ஒரே இடத்தில் இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் துணிமணி போடாதீர்கள். ஓட்டுகிறவர் அன்றிரவு மது தொடக்கூடாது. யார் கேஸை மூடுவது, யார் டயர்க் கட்டைகளை எடுப்பது என்று முன்பே பேசி வைத்தால் ஐந்து நிமிடத்தில் புறப்படலாம்.

மழையில் ஓடைச் சத்தம் மாறினால் எழுந்து பாருங்கள். நீர் கலங்குவதும் அடியில் கற்கள் உருளும் சத்தமும் கெட்ட அறிகுறிகள். கொட்டும் மழையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் அது இன்னும் மோசம். மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம், அது உடைந்தால் மொத்தமாக வரும். சாமான் போனாலும் போகட்டும் என்று உடனே மேட்டுக்குப் போங்கள். வண்டியை எடுக்க வழியில்லை என்றால் நடந்தே ஏறுங்கள்.

இடிக்கு வேறு விதி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் வெளியே நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். பைபர் உடல் கொண்ட வண்டி என்றால் உலோகத்தாலான முன் கேபின்தான் அதிகப் பாதுகாப்பு.

படி 6: பனிப்பொழிவு அறிவிப்பு வந்தால்

அன்று மதியமே இறங்கிவிடுவதுதான் என் ஆலோசனை. இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டால் இவற்றைக் கவனியுங்கள்.

கேஸ்: பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஆவியாவதை நிறுத்திவிடும், சிலிண்டர் நிறைந்திருந்தாலும் ஹீட்டர் அணைந்துபோகும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். மலைக்கு அதுதான் வேண்டும்.

காற்றோட்டம்: கூரையிலும் பக்கவாட்டிலும் உள்ள புகைபோக்கி, துவாரங்களைப் பனி அடைக்கும். இரவில் ஒருமுறையாவது எழுந்து தள்ளிவிடுங்கள். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, அதனால் அலாரம் கட்டாயம் வேண்டும்.

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும், அதனால் மட்டமான தரையில் கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். டீசலை மலை ஊரிலேயே நிரப்புங்கள். அடிவார டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் கெட்டியாகிவிடலாம்.

படி 7: மூன்று இடமும் கைவிட்டால்

யாரிடமாவது கேளுங்கள். உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வாகனத் திடலில் அனுமதி கேட்கலாம். கோடையில் பனிச்சறுக்கு லிப்ட் நிலையங்களின் திடல்கள் காலியாகக் கிடக்கும், பலகை தடுக்காத பட்சத்தில் அங்கே முயலலாம். பிரேக் பிடிக்காத வண்டிகளுக்கான அவசர ஓடுதளம், பனி அகற்றும் வண்டி திரும்பும் இடம், காட்டுப்பாதை வாசல் இந்த மூன்றிலும் ஒரு மணி நேரம்கூட நிற்கக்கூடாது. வேறொருவர் உயிர் அதில் இருக்கிறது.

இரண்டு பக்கமும் சாலை அடைபட்டால் பாதுகாப்பான இடத்தில் அப்படியே இருங்கள். இரண்டு நாள் தண்ணீரும் உணவும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112.

வழி திறந்து இறங்கும்போது, ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கருகிய வாடை வந்தால் அகலமான ஓரத்தில் நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.