கிளாசிக்கல் கிற்றார் பழகத் தொடங்குவோருக்கு

திருகோணமலையில் என்னிடம் கிற்றார் பழக வருபவர்களிற் பெரும்பாலானோர் தேவாலயப் பாடகர் குழுவிலோ நண்பர்களோடு பைலாப் பாடல்களுக்கோ கோட்ஸ் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) வாசித்துக் கை பழகியவர்கள். அவர்களுடைய இடக்கைக்கு ஏற்கெனவே பல விடயங்கள் தெரிந்திருக்கும். வலக்கைதான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நைலோன் தந்திகளை விரல்களால் மீட்டும் கிளாசிக்கல் கிற்றாரின் நாதம் வலக்கை விரல்நுனியிற் பிறப்பதால், கருவி வாங்குவதிலிருந்து பாடம் தெரிவுசெய்வது வரை எல்லாவற்றையும் அந்த நாதத்தை முன்வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் இருக்கும் உலோகத் தந்திக் கிற்றாரிலேயே தொடங்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்வேன். அதன் கழுத்து தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் அகலமுடையது. கிளாசிக்கல் கிற்றாரிலோ அது 52 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், தந்திகளும் அதற்கேற்ப விலகியிருக்கும், அந்த இடைவெளி இருந்தாற்றான் நான்கு விரல்களும் தனித்தனித் தந்திகளை இடறாமல் மீட்ட முடியும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிற்றார் செய்யும் கலைஞர் அந்தோனியோ தே தோரெஸ் வடிவமைத்த உடலையே இன்றைய கருவிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. தந்தி அதிரும் நீளம் பொதுவாக 650 மில்லிமீற்றர். சிறு பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைந்த நீளமுள்ள கருவியே பொருந்தும். நைலோன் தந்திக்கென்று செய்த கிற்றாரில் உலோகத் தந்தியை ஒருபோதும் பூட்டக்கூடாது, ஏனெனில் அந்த இழுவிசையில் மேற்பலகை வளைந்து, தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்துவிடக்கூடும்.

கடையில் விலையைக் கேட்பதற்கு முன் ஒவ்வொரு தந்தியையும் 12ஆவது பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி மீட்டிப் பாருங்கள். பின்னர் அதே இடத்தில் விரலால் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். இரண்டு சுருதியும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள், ஏனெனில் பிழையான சுருதியைக் கேட்டு வளரும் காதைத் திருத்துவது விரலைத் திருத்துவதைவிடக் கடினம். 12ஆவது பிரெட்டின் மேல் தந்தியின் உயரம் மெல்லிய பக்கத்தில் 3, தடித்த பக்கத்தில் 4 மில்லிமீற்றர் அளவில் இருப்பது தொடக்கத்துக்குப் போதுமானது. மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் நாதம் விரியும். ஆயினும் அத்தகைய பலகைக்கு நமது ஊர்க் காலநிலை ஒரு சோதனை. ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வீசும்போது மரம் உலர்ந்து சுருங்கி வெடிக்கக்கூடும், வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் அதே மரம் ஈரத்தை உறிஞ்சிப் புடைத்துத் தந்திகளை உயர்த்திவிடும். ஆகவே கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். கடலோர உப்புக்காற்றில் தடித்த தந்திகளின் உலோகச் சுற்று விரைவில் மங்கி ஒலி அமுங்கிவிடும் என்பதால், வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குகிறேன்.

இடக்காலைச் சிறு பலகையில் உயர்த்தி, கிற்றாரை அந்தத் தொடையில் வைத்து, தோள்களைத் தளர்த்தி உட்கார்ந்தால் போதும். வலக்கையில் நகம் வளர்க்க வேண்டுமா என்ற கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ஸ்பானியக் கிற்றார் கலைஞர்களில் பெர்னாண்டோ சோர் விரற்சதையால் வாசித்தார், தியோனீசியோ அகுவாதோ நகத்தால் வாசித்தார். அந்த வேறுபாட்டோடு அவர்கள் நண்பர்களாகவும் இருந்தார்கள், சோர் ‘இரு நண்பர்கள்’ என்ற இருவர் வாசிப்பு உருப்படியையும் இயற்றினார். இன்று பெரும்பாலானோர் சதையும் நகமும் சேர்ந்து தொடும்படி நகத்தைச் சிறிதளவு விட்டு மெருகிட்டுக்கொள்கிறார்கள். தொடக்கநிலையில் நான் நகம் வளர்க்கச் சொல்வதில்லை. சதையால் உருண்ட நாதம் எழுப்பக் கற்றவருக்குப் பின்னர் நகத்தின் கோணம் தானாகவே பிடிபடுகிறது.

கோட்ஸ் தெரிந்து வருபவர்களுக்கு இத்தாலியக் கிற்றார் கலைஞர் மவுரோ ஜூலியானியின் முதலாம் இலக்கத் (ஓபஸ் 1) தொகுப்பிலுள்ள 120 வலக்கைப் பயிற்சிகளையே முதலிற் கொடுப்பேன். அவை முழுவதும் இடக்கைக்கு இரண்டே கோட்ஸ்தான் என்பதால் கவனம் எல்லாம் வலக்கைக்கே செல்லும். ஒரு நாளைக்கு இரண்டு பயிற்சிகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விரலின் ஒலியும் சமமாகக் கேட்கும் வேகமே சரியான வேகம். இவற்றோடு சோரின் 60ஆம் இலக்கத்திலுள்ள 25 பாடங்களை வரிசையாக எடுத்தால், ஒற்றைச் சுரவரியிலிருந்து ஒன்றாக ஒலிக்கும் இரு சுரவரிகளுக்கு மெல்ல நகரலாம். பின்னர் இத்தாலியரான கார்காசியின் 60ஆம் இலக்கப் பயிற்சிகளிலிருந்து சிலவும், அதன்பின் ஸ்பானியரான தாரெகாவின் ‘லாக்ரிமா’ என்ற சிறு உருப்படியும்.

தாரெகாவின் ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த உருப்படி முழுவதும் ஓடும் பெருவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என்ற விரற்சுழற்சியை ஒரே தந்தியில், மிக மெதுவாக, எந்த விரல் மீட்டியது என்று கண்ணை மூடிக் கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சமமாக வாசிக்க முடிந்தபின் என்பதே என் பதில். அதுவரை அந்த நால்விரற் சுழற்சியை மட்டும் நாள்தோறும் சில நிமிடங்கள் பழகுங்கள். முழு உருப்படியை எடுக்க வேண்டாம்.