பழைய பள்ளிக்கூடம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம்: லெட்டர்பாக்ஸ் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். லெட்டர்பாக்ஸிங் என்ற, ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு பிறந்தது அப்படித்தான். இன்று பாட்டிலுக்குப் பதில் ஒரு டப்பா, உள்ளே ரப்பர் ஸ்டாம்ப்பும் சின்ன நோட்டும். ஒளித்தவர் தரும் துப்பைப் பிடித்துக்கொண்டு போய் டப்பாவைக் கண்டுபிடித்து, அதன் ஸ்டாம்ப்பை உங்கள் நோட்டிலும் உங்கள் ஸ்டாம்ப்பை அதன் நோட்டிலும் பதிக்க வேண்டும்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் டப்பா ஒளிப்பவர்களுக்கு ஓரறைப் பள்ளிக்கூடமும் அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமும் ரொம்பப் பிடித்த இடம். கல்லில் உள்ள பெயரும் ஆண்டுமே துப்பாகிவிடும். 'அந்தப் பெண் இறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்ணைக் கூட்டி, அத்தனை அடி நட' என்பது போல.

பெரிய தவறு நடப்பதும் அங்கேதான். எழுத்து தேய்ந்திருக்கும், படிக்க முடியாது. உடனே சாக்பீஸால் தேய்ப்பது, ஷேவிங் நுரை பூசுவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது என்று இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பளிங்குக் கல்லை விரலால் தொட்டாலே சர்க்கரை போலப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். நுரை, கல்லின் நுண்துளைகளுக்குள் போய்த் தங்கிவிடும். காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும் நல்லதல்ல. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். ஒரு டார்ச் போதும். கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதை உரசுகிற மாதிரிப் பிடித்து வெளிச்சம் அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து, இல்லவே இல்லை என்று நினைத்த பெயர் எழுந்து வரும். அதைப் பார்க்கும் நிமிடத்துக்காகவே நான் இந்த இடங்களுக்குப் போவேன்.

அடுத்தது, டப்பா கிடைக்கவில்லை என்றதும் கட்டடத்தைக் குடைவது. அஸ்திவாரக் கல்லை அசைப்பது, சுவர்ப் பலகையை நெம்புவது, அடுக்குக்கல் வேலியைப் பிரிப்பது எல்லாம் கூடாது. பழைய கட்டுமானங்களுக்குள் டப்பா வைக்கக் கூடாது என்பது டார்ட்மூர்க்காரர்களின் விதி. யோசித்து ஒளிப்பவர் மரத்தடியிலோ பாறை இடுக்கிலோதான் வைப்பார். கல்லறைக் கல்லில் சாய்ந்தும் தேட வேண்டாம். அடி இளகிப்போன கல் உங்கள் மேலேயே சாயும்.

நீங்களே டப்பா வைக்கப் போகிறீர்களா? முதலில் இடம் யாருடையது என்று கேளுங்கள். நெப்ராஸ்காவில் பீட்ரிஸ் ஊருக்கு அருகே உள்ள ஃப்ரீமன் பள்ளி 1872 முதல் 1967 வரை நடந்த செங்கல் கட்டடம். பார்த்தால் கேட்பாரற்ற வயல்வெளிப் பள்ளி போலத்தான் தெரியும். ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது.

அப்புறம், நீளமான பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள், உயரமான புல்லில் உண்ணி இருக்கும். மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவி என்ற, பட்டால் தோல் அரிக்கும் செடியைத் தொடாதீர்கள்.

மூடும்போது அவசரம் வேண்டாம். மை ஈரமாக இருக்கும்போதே நோட்டை மூடினால் எதிர்ப்பக்கமும் கெட்டுப்போகும். ஸ்டாம்ப்பைத் துடைத்து, டப்பாவுக்குள் இருக்கும் பையின் ஜிப்பை முழுக்க அழுத்தி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே இருந்த சருகையும் கல்லையும் அப்படியே போடுங்கள். இடையில் யாராவது பூவோடு வந்து ஒரு கல் முன்னால் நின்றால், தேடுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டப்பாவை இன்னொரு நாள் வந்து தேடிக்கொள்ளலாம்.