ஜாக்பாட் மெஷினின் 'ஜஸ்ட் மிஸ்': 64 சீட்டில் வீட்டிலேயே செய்து பாருங்கள்

கேசினோவுக்குப் போய்வரும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எவ்வளவு போச்சு என்று சொல்லவே மாட்டார், எப்படிப் போச்சு என்று மட்டும் சொல்வார்: "ரெண்டு ஏழு வந்து உக்காந்துடுச்சு, மூணாவது ஏழு கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல நின்னுடுச்சு, ஜஸ்ட் மிஸ்." ஜாக்பாட் மெஷினில் மூன்று சக்கரம் சுற்றும், மூன்றிலும் 7 கோட்டில் வந்து நின்றால்தான் ஜாக்பாட். நண்பர் சிங்கப்பூர்க்காரர் என்பதால் உள்ளே நுழையவே ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியிருப்பார், அதை மறந்துவிட்டு இந்த விரக்கடையை மட்டும் வாரக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, இங்கே கைக்கே எட்டவில்லை. எட்டியதுபோல் காட்டினார்கள், அவ்வளவுதான். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்தே செய்து காட்டினேன்.

பழைய டைரித் தாள்களை 64 துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'கோட்டில் 7' என்று எழுதுங்கள், ஐந்தில் '7 மேலே', இன்னொரு ஐந்தில் '7 கீழே'. மீதி 53 வெறும் சீட்டு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்ப உள்ளேயே போட்டுவிடுங்கள். போட மறந்தால் கணக்கு கெட்டுவிடும். மூன்று முறை எடுத்தால் ஒரு ஆட்டம், அதாவது மூன்று சக்கரம் சுற்றி நின்றதற்குச் சமம். பொறுமை இருந்தால் நூறு ஆட்டம் ஆடுங்கள்.

சுமார் நாற்பது ஆட்டத்தில் குறைந்தது ஒரு 7 மேலேயோ கீழேயோ தொங்கும். மூன்றும் கோட்டில் வந்து நிற்பது? சராசரியாக 2,62,144 ஆட்டத்துக்கு ஒரு தடவை. ஆறு நொடிக்கு ஒரு ஆட்டம் என்று வைத்தாலும் சோறு தண்ணி இல்லாமல் பதினெட்டு நாள்.

ஏன் 64? கண்ணுக்குத் தெரிகிற சக்கரத்தில் வழக்கமாக 22 இடம்தான், பாதி படம், பாதி வெற்றிடம். அதை மட்டும் நம்பினால் ஜாக்பாட் 10,648-க்கு ஒன்று விழும், கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. 1984-இல் இங்கெ டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார்: சக்கரம் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கணினி எடுக்கும் எண் முடிவு செய்யும், கணினிக்குள் 64, 128 என்று எத்தனை இடம் வேண்டுமானாலும் வைக்கலாம். பிறகென்ன, 7-க்கு ஒரே ஒரு எண், அதை ஒட்டியிருக்கும் வெற்றிடங்களுக்கு அள்ளி அள்ளி எண்கள். வெற்றிடம் கோட்டில் நின்றால் 7 பக்கத்தில் தெரிந்துதானே ஆகவேண்டும்! என் 1-5-5 பங்கு நான் வைத்தது, மெஷினுக்கு மெஷின் மாறும். நெவாடா அதிகாரிகள் 1980-களின் கடைசியில் ஒரு வகையைத் தடுத்தார்கள், தோல்வி என்று முடிவான பிறகு படங்களை மாற்றி 'ஜஸ்ட் மிஸ்' ஆக்கும் வகையை. இந்தச் சக்கர வித்தையை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சரி, உள்ளே போயே தீருவேன் என்றால் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். பொத்தானை அழுத்திய நொடியிலேயே முடிவு வந்தாச்சு, சுற்றுவதெல்லாம் சினிமா. முதல் இரண்டு ஒன்றாக வந்து, மூன்றாவது மெதுவாகி இசை ஏறும்போது தலையைத் திருப்பிக்கொண்டு, நின்ற பிறகு மூலையில் மிச்சப் பணம் காட்டும் எண்ணை மட்டும் படியுங்கள். ஒரு வெள்ளி கட்டி முப்பது காசு திரும்பி வந்தாலும் மணி அடிக்கும், அது எழுபது காசு நஷ்டம். சக்கரத்தை நீங்களே நிறுத்தும் பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெயிக்கும்போது துடிக்கும் மூளைப் பகுதிகளில் சில நூலிழைத் தோல்விக்கும் துடித்தன. சாதாரணத் தோல்வியைவிட அது கசப்பாக இருந்தது என்று ஆடியவர்களே சொன்னார்கள், ஆனால் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் ஆடவேண்டும் என்ற ஆசையும் கூடியது. அதனால் நிஜமாகவே அதிக நேரம் ஆடுகிறார்களா என்பதில் பிந்தைய சோதனைகள் ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் நம் கை பட்டது என்ற நினைப்புதான் ஆளை இழுக்கிறது என்று என் நண்பரைப் பார்த்தே சொல்வேன்.

இதற்கும் ஆசை கட்டுப்படவில்லை என்றால் சிங்கப்பூரில் கேசினோவுக்குள் விடவேண்டாம் என்று நமக்கு நாமே தடை போட்டுக்கொள்ளலாம், வீட்டாரும் விண்ணப்பிக்கலாம்.

அன்று மேசையில் முப்பதாவது ஆட்டமோ என்னவோ, முதல் சீட்டு 'கோட்டில் 7', அடுத்தது '7 மேலே'. சீட்டை எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு காசு பந்தயம்கூடக் கிடையாது, தொடையில் தட்டி "ஐயோ, ஜஸ்ட் மிஸ்!" என்றார். சீட்டை மடித்து டப்பாவில் போட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.