குடியை விட நினைக்கிறீர்களா? கூட்டம் தேடுவது இப்படித்தான்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் போனில் பேசுவது என் பொறுப்பு. பெரும்பாலோர் முதலில் கேட்பது, "வெளியே தெரிந்துவிடுமா?" என்றுதான். குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தில் முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். 1935இல் தொடங்கிய இந்த அமைப்பில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது. உண்டியல் சுற்றி வரும். புதியவர் அதைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டால் போதும்.

ஏ.ஏ. இணையதளத்திலோ 'மீட்டிங் கைடு' செயலியிலோ உங்கள் பகுதியைத் தேடுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. 'திறந்த கூட்டம்' என்றிருந்தால் யாரும் வரலாம், துணைக்கு அக்காவைக்கூட அழைத்து வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். நேரம் மாறியிருக்கலாம், கிளம்புமுன் போன் செய்துவிடுங்கள்.

கூட்டத்தில் பேச உங்கள் முறை வரும்போது "இன்று கேட்கிறேன்" என்றால் போதும். யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஏ.ஏ.வில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவரவில்லையா? கடவுளைச் சாராத ஸ்மார்ட் ரெக்கவரி குழுக்கள் இருக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் குழுக்கள் உண்டு. ஒரு குழு மனதுக்கு ஒட்டாவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல், இரண்டு பேரின் போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.