டெலிகாவில் முன்சக்கர விளக்கு மினுக்குகிறதா?

பழைய மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியரில் லீவரை 4எச்-க்குத் (நான்கு சக்கர ஓட்டத்துக்கு) தள்ளிய பிறகும் டேஷ்போர்டில் முன்சக்கர விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸை (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியை) கழற்ற விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கை வேக்குவம் பம்ப்போடு (காற்றை உறிஞ்சும், அளவு முள் கொண்ட பம்ப்) வண்டிக்கு அடியில் போங்கள். முன் ஆக்சிலை இணைத்து விலக்க அதில் உள்ள சாதனமான ஆக்சுவேட்டருக்கு இரண்டு மெல்லிய ரப்பர் ஹோஸ் வரும். எது எங்கே என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு உருவிவிட்டு, ஆக்சுவேட்டரின் இரண்டு முனையிலும் தனித்தனியாகப் பம்ப் அடியுங்கள்.

இந்த வண்டியில் முன் ஆக்சிலை இணைப்பது எஞ்சின் தரும் வேக்குவம்தான். அது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வை) ஒரு பக்கம் இழுத்தால் இணையும், மறுபக்கம் இழுத்தால் விலகும். பம்ப் முள் அப்படியே நிற்காமல் சரிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்று, ஆக்சுவேட்டரின் கம்பியும் நகர்ந்தால் ஆக்சுவேட்டர் நல்லாவே இருக்கிறது. கோளாறு சாலினாய்டு வால்விலோ (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), வெடித்த ஹோஸிலோ, இணைந்ததைச் சொல்லும் சுவிட்சிலோ இருக்கும். ஹோஸ்தான் என்றால் செலவு சொற்பம். முள் நின்றும் கம்பி அசையவில்லையா? உடனே ஆக்சுவேட்டரைக் குறை சொல்ல வேண்டாம், ஆக்சிலை இணைக்கும் பற்கள் நேர்படாமல் இருக்கலாம். வண்டியைக் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

நடுவிலுள்ள ஆரஞ்சு விளக்கு மட்டும் மினுக்கினால் அது சென்டர் டிஃப் லாக் (முன், பின் ஓட்டத்தை ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) சமாச்சாரம், இந்தச் சோதனை உதவாது. முன்சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் கொண்ட வேன்களுக்கும் இது பொருந்தாது.